ஹென்ட்ரிக்கின் கறுப்புச் சதுரம்

இந்தப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் போக வழிவிடும் கிம்னாசியம் பள்ளி சரிவராது என்று ஆசிரியை எழுதிக் கொடுத்த பிறகும் தக்சாயினி அங்கே இடம் பிடித்தாள். பௌதிகத்தில் பட்டம் எடுத்தாள். பட்டத்தோடு நிற்காமல், ஜேர்மன்காரர் பலர் கேட்ட வேலையையும் வென்றாள். தனித்தனியே நின்றால் பெரிய நாடுகளோடு போட்டி போட முடியாது என்று ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து எல்லைப் பிரதேசங்கள் சேர்ந்து சிப் ஆய்வுகூடம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டிருந்தன. அந்தக் கூட்டுக் குழுவுக்கு, ஜேர்மனியின் பான் நகர அலுவலகத்தில், அவள் செயலாளர்.

இணையவழி நடக்கும் குழுக் கூட்டங்களில் ஒரு வழக்கம். தீர்மானத்தை வாசிப்பார்கள், ஒருவரும் மறுக்காவிட்டால் அது நிறைவேறியது. பெல்ஜியப் பிரதிநிதி ஹென்ட்ரிக், திரையில் பெயர் மட்டும் எழுதிய கறுப்புச் சதுரமாக வருவார். மறுக்கமாட்டார்.

மார்ச் கூட்டத்தில், ஒரு தீர்மானம் நிறைவேறியதும் அவருடைய ஒலிவாங்கி பச்சையானது. யாரோ மூச்சை இழுத்தது போல ஒரு சத்தம். மற்றவர்கள் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு தக்சாயினி அழைத்தபோது அவர் தொலைபேசியை ஒருவரும் எடுக்கவில்லை.

ஏப்ரல் கூட்டத்தன்று அவள் எல்லை கடந்து பெல்ஜியத்தில் இருந்த அவருடைய அலுவலகத்துக்குப் போனாள். வானை ஓட்டியவர் அவளுடைய அண்ணன் செல்வராசா.

"பேய் பார்க்க இவ்வளவு பெற்றோல் எரிக்கிறது எங்கட வீட்டுப் பெட்டைதான்."

"பகிடி விடாதேங்கோ அண்ணை."

அங்கே கட்டடக் காவலாளி திகைத்துப் போனார். "ஹென்ட்ரிக்கா? அவர் ஒக்டோபரிலேயே இறந்துவிட்டாரே. அதற்குப் பிறகு அறையை நாங்கள் திறக்கவில்லை."

அறையைத் திறந்துவிட்டு அவர் உள்ளே வராமல் போய்விட்டார். வெறும் கதிரை திரையைப் பார்த்தபடி இருந்தது. கூட்ட நேரம் வந்ததும் திரை ஒளிர்ந்தது.

"மிசின் தானாக் கூட்டத்திலை சேருது," என்றார் செல்வராசா. குரல் இறங்கியிருந்தது.

"செத்த மனுசன்ரை சம்மதத்திலை ஆறு மாசமா முடிவெடுத்திருக்கிறம், அண்ணை. சொன்னால் ஒண்டும் செல்லாது. ஆய்வுகூடமும் போகும், என்ரை வேலையும் போகும்."

"அப்ப நீயும் அவரை மாதிரிப் பேசாமல் இரன்."

திரையில் தலைவர் கட்டடத்துக்கான கடைசித் தீர்மானத்தை வாசித்தார். மறுப்பு உண்டா என்று கேட்டார். அமைதி. அப்போது, இருவரும் தொடாமலே, ஒலிவாங்கி பச்சையானது. கதிரைப் பக்கமிருந்து மெல்ல ஒரு மூச்சு.

தக்சாயினி ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தாள். "மறுக்கிறேன். ஹென்ட்ரிக் இறந்துவிட்டார்."

திரையில் முகங்கள் வெளிறின. அவர்களுக்கு அந்தக் குரல் வந்தது கறுப்புச் சதுரத்திலிருந்து.

ஒக்டோபருக்குப் பிந்திய எல்லாத் தீர்மானங்களையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்றானது. நடந்ததை அவள் கூட்ட அறிக்கையாக எழுதினாள். அவள் எழுதுவதும் தலைவர் ஒப்பமிடுவதுமே வழமை. இதில் ஒப்பமிடத் தலைவர் மறுத்தார். தக்சாயினி பேனையை எடுத்து, தலைவர் ஒப்பமிடும் இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதினாள். கீழே திகதியையும் இட்டாள்: 2024 ஏப்ரல் 18.