வேடியப்பனுக்கு வந்த போன்

திருத்தணி மலையடிவாரத்து வீட்டில் உட்கார்ந்தபடி சென்னைக் கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறவள் அனுசுயா. ஒரு கண் மருத்துவமனையின் நோயாளிகளைத் தானாகவே போனில் அழைத்து, மறுபரிசோதனையை நினைவூட்டும் புரோகிராம் அது. அதில் பேசுவதும் அவள் பதிவுசெய்து கொடுத்த குரல்தான்.

'அழை' என்ற ஒரே பெயரில் இரண்டு மெத்தடு, அதாவது ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பு, வைத்திருந்தாள். ஒன்று எல்லா நோயாளிக்கும், மற்றது இறந்துபோனவர்களுக்கு மட்டும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால், எழுதியதைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் நெருக்கமாகப் பொருந்துவதையே எடுக்கும். இறந்தவர்களுக்கானதில் ஒரு வரிகூட இல்லை. அழைக்காமல் இருப்பதே அதன் வேலை. அதை மறந்து, சும்மா கிடக்கிறதே என்று ஒருநாள் அழித்துவிட்டாள். கம்பைலர் தடுக்கவில்லை. எல்லா நோயாளியையும் ஏற்கிற மெத்தடு இறந்த நோயாளியையும் ஏற்கும் என்பது விதி. எந்த மெத்தடை ஓட்டுவது என்று குறித்துவைக்கும் இடம் டெலிகேட்; இறந்தவர்களுக்கென்று வைத்த டெலிகேட்டில் பொது மெத்தடு போய் உட்கார்ந்துகொண்டது.

அவளுடைய அப்பா வேடியப்பனும் அங்கே கண் காட்டியவர். இறந்து மூன்று மாதம். மறுநாள் பதினோரு மணிக்கு அவர் போன் அடித்தது. அம்மா வசந்தி எடுத்துக் கேட்டுவிட்டு மகளையே பார்த்தாள்.

"நீ இங்க உக்காந்துகினு இருக்கே. போன்ல யாரு உன் கொரல்ல பேசறது?"

"என்னம்மா சொல்லுது?"

"நைனாவை நாளைக்கு வரச் சொல்லுது. ஆங், அனுப்பறேன்னு சொல்லிட்டேன்."

அதே அழைப்பு இன்னும் நாற்பது வீடுகளுக்குப் போயிருந்தது. அனுசுயா அந்த வெற்று மெத்தடைத் திரும்ப எழுதினாள். நடந்ததை அம்மாவுக்கு விளக்கினாள். அம்மா தலையாட்டினாள்.

விடிந்ததும் பார்த்தால், வாசல் நாற்காலியில் அப்பாவின் வேட்டி சட்டை மடித்து வைத்திருந்தது. கீழே அவர் செருப்பு, தெருவைப் பார்த்தபடி.