ஹேண்ட் பிரேக் போட்டாச்சு மச்சான்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். அசாம் ஜாவாவில் தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பில், எதிர்வீட்டு வாசலில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. மிச்ச மனிதர் முழுக்கக் காருக்கு அடியில். காரைத் தாங்கிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஜாக். கார் வாங்கும்போது கூடவே தருவார்களே, ரோட்டோரம் டயர் மாற்ற மட்டும் உதவும் அந்தச் சின்ன ஜாக். துருவும் கறுத்த எண்ணெயும் கலந்த வாடை என் கேட் வரைக்கும் வந்தது.

எனக்கு நயமாகப் பேச வராது. "யோவ், வெளிய வாய்யா" என்று கத்தினேன்.

"பத்து நிமிஷ வேலதான் லா அண்ணே" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"சாகுறதுக்குப் பத்து நிமிஷம் வேணாம்யா. வா வெளிய."

வந்தார். அவர் மனைவி கதவைத் திறந்து, "காலங்காத்தால என்னண்ணே வாயி இது, சாவு கீவுன்னு" என்று என்னை முறைத்தார். எதிர்வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "காரும் என்னோடது, நெஞ்சும் என்னோடது. உங்களுக்கு ஏன்ணே இவ்ளோ சூடு?"

பதில் இருந்தது. ஆனால் அதை முதலில் கேட்க வேண்டியவர் அவர் இல்லை, என் அக்கா. ஆறு வருடமாக அக்கா ஒரு தப்பைத் தன் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு அழுகிறார். அது அவருடைய தப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லாரையும் திட்டுகிற எனக்கு, அக்காவிடம் ஒரு உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை.

அந்த வாடையைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கோல சிலாங்கூருக்கு வடக்கே, எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவில் இருந்த தோட்டத்தில் நான் வளர்ந்தேன். லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுக் கால்வாய் ஓடும். லோங்காங் என்போம். அங்கேயும் இதே வாடைதான். இடுப்பளவு ஆழம். மழை இல்லாத நாளில் அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் மட்டும் நிற்கும். தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். எல்லாம் மற்றவர்கள் ஓட்டி முடித்துத் தள்ளிவிட்ட கார்கள். அடியில் வேலை என்றால் ஜாக்கைத் தேடமாட்டார்கள். இரண்டு டயர் அந்தக் கரையில், இரண்டு டயர் இந்தக் கரையில் இருக்கும்படி காரை லோங்காங்குக்கு மேலே மெதுவாக ஓட்டி நிறுத்துவார்கள். ஆள் லோங்காங்கில் இறங்கி, நின்றபடியோ குனிந்தபடியோ வேலை பார்ப்பார். கார் தன் சொந்தக் காலில் நிற்கும். எங்கே விழப்போகிறது?

அப்படி இறங்கியவர்களில் கெட்டிக்காரர் கோபால். பின்னாளில் என் அக்காவைக் கட்டினார், எனக்கு மச்சான் ஆனார். செம்பனைப் பழம் ஏற்றுகிற லோரி ஓட்டினார். அவர் இறங்கினால் மேலே ஒரு கூட்டம் குந்திக்கொள்ளும். வேலைக்கு உதவ இல்லை, வாய் பேச. "டேய் கோவாலு, உள்ள இருக்கியா, தண்ணியோட போயிட்டியா?" என்று யாராவது கேட்பார்கள். "ஒங்கொப்பன் தொலைச்ச பல்லத் தேடிக்கிட்டிருக்கேன்" என்று கீழேயிருந்து பதில் வரும். ஒருமுறை வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவருக்குத் தேநீர் நீட்டப்போய், அது எண்ணெய் பிடிக்கிற டப்பாவில் விழுந்தது. அன்று முழுக்க ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. இதெல்லாம் பாதுகாப்பு ஏற்பாடு என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அது வெட்டிப் பொழுது. ஆனால் கீழே இருந்தவரிடம் யாரோ ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை என்றால் அந்த நொடியே தெரிந்துவிடும்.

ஒரு தடவை டயர் கரையை விட்டு வழுக்கிக் காரின் ஒரு பக்கம் லோங்காங்கில் இறங்கிவிட்டது. உள்ளே மச்சான் இருந்தார். கால்வாய் ஆழம் என்பதால் அப்படியே குனிந்து நடந்து மறுபக்கம் வெளியே வந்தார். லயத்திலிருந்து பன்னிரண்டு பேர் ஓடிவந்து காரைத் தூக்கி வைத்தார்கள். யாரையும் யாரும் கூப்பிடவில்லை.

தோட்டத்தை விற்றார்கள். எங்களை வெவ்வேறு தாமானுக்குப் பிரித்துப் போட்டார்கள். அக்காவுக்குக் கிடைத்தது வரிசை வீடு. முன்னால் போர்ச், அதில் வெள்ளை டைல்ஸ். அக்காவுக்கு அந்த டைல்ஸ் மேல் அவ்வளவு பெருமை. செருப்புக் காலோடு நான் ஏறினால் போதும், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வருவார். மழைத் தண்ணீர் வெளியே ஓடுவதற்காக அந்தப் போர்ச் கேட்டைப் பார்த்துச் சரிந்திருக்கும். எல்லா வீட்டுப் போர்ச்சும் அப்படித்தான் கட்டுகிறார்கள். யாரும் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் மச்சான் ஒரு பழைய கார் வாங்கினார். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வண்டி வாங்கினால் முனியாண்டியிடம் கொண்டுபோய், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கி ஓட்டிய பிறகுதான் மற்றது. ஆனால் தோட்டம் போனதோடு முனியாண்டியையும் பெயர்த்திருந்தார்கள். புது இடத்தில் அப்போது இன்னும் வைக்கவில்லை. "சாமிய வச்சதும் பூச போட்டுட்டு அப்புறம் ஓட்டலாம்" என்றார் அக்கா. "சாமிக்கே வீடு இல்ல, எனக்கு வேலைக்குப் போகணும்" என்று மச்சான் ஓட்டினார். அக்காவும் விட்டுவிட்டார். அப்படி விட்டதைத்தான் இன்றுவரைக்கும் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைலன்சர் கழன்று தரையில் இழுபட்டது. அக்கா மீன் வாங்கப் பாசிர் பெனம்பாங் போயிருந்தார். மச்சானும் நானும் காரைக் கையால் தள்ளிப் போர்ச்சில் ஏற்றினோம். தள்ளின வண்டி, அதனால் கியர் போடவில்லை. நான்தான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். நன்றாகவே இழுத்தேன், அது இன்னும் கைக்கு ஞாபகம் இருக்கிறது.

லோரியில் வைத்திருந்த பாட்டில் ஜாக்கைப் பின் அச்சுக்கு நடுவில் கொடுத்து, மச்சான் பின்பக்கத்தை முழுதாகத் தூக்கினார். கை போக இடம் வேண்டும் என்று பின் வீல் இரண்டையும் கழற்றினோம். உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்குமே, வீடு கட்டுகிற சிமெண்டுக் கல், அதில் இரண்டைப் பக்கத்துக்கு ஒன்றாக அடியில் வைத்தார். கழற்றிய வீல்களை நான் உருட்டிக்கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்த்தேன். டைல்ஸ் அழுக்கானால் அக்கா கத்துவார் என்று அடியில் பழைய பேப்பர் விரித்தேன். அவ்வளவு பொறுப்பான ஆள் நான்.

படுத்து உள்ளே நகர்வதற்கு முன்னால் மச்சான் கேட்டார். "ஹேண்ட் பிரேக் போட்டியா மாப்ள?"

"போட்டாச்சு மச்சான்."

நான் பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் போல்ட்டோடு போராடினார். துருப்பிடித்த போல்ட். "இது என் மாமியார் மாதிரி, அசைய மாட்டேங்குது" என்றார். "அம்மாகிட்ட சொல்றேன் இருங்க" என்றேன். நீளமான ஸ்பேனரைப் போட்டு மொத்தப் பலத்தோடு இழுத்தார். கார் ஒரு சாண் பின்னால் உருண்டது. ஜாக் டைல்ஸில் சறுக்கிச் சாய்ந்தது. கல் இரண்டும் பிஸ்கட் மாதிரி நொறுங்கின.

நான் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. ஜாக் காருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வேறு ஜாக் இல்லை. தெருவில் நின்று கத்தினேன். இரண்டு பக்கமும் வரிசையாக வீடு, எல்லா வீட்டிலும் ஆள், எல்லாக் கதவும் சாத்தி உள்ளே குளிர்சாதனம். கடைசியில் ரோட்டோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுத் தொழிலாளிகள் மூன்று பேர் இயந்திரத்தை முதுகோடு போட்டுக்கொண்டே ஓடிவந்தார்கள். மோட்டார் சைக்கிளில் போன ஒரு மலாய்க்காரர் அதை ரோட்டிலேயே சாய்த்துவிட்டு வந்தார். தூக்கிவிட்டோம். மச்சான் மூச்சு அதற்குள் நின்றுபோயிருந்தது.

அக்கா வீட்டுக்கு எதிரே இருந்த வீட்டுக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், மறுநாள் அழுதுகொண்டே கொண்டுவந்து காட்டினார். நான் நடுத்தெருவில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். சத்தம் இல்லை.

சாவு வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். காரின் நிறம் ராசி இல்லை என்றார் ஒருவர். எலுமிச்சம்பழம் வைக்காத வண்டி என்றார் இன்னொருவர். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் பூச போடாம ஓட்ட விட்டேன், நான்தான் கொன்னுட்டேன்."

கருமாதி முடிந்த மறுவாரம், சாப்பாட்டுக் கடையில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் விசாரித்தார்.

"எந்தப் பக்கத்தண்ணே தூக்குனீங்க?"

"பின்னாடி, ரெண்டையும். வீல கழட்டிட்டோம். ஆனா ஹேண்ட் பிரேக் போட்டிருந்துச்சு."

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "அந்த மாதிரி காருக்கு ஹேண்ட் பிரேக் பின் வீலத்தானேண்ணே பிடிக்கும்."

சுவரோரம் பேப்பர் மேல் சாய்த்துவைத்திருந்த வீலுக்கு நான் பிரேக் போட்டிருந்தேன். தரையில் நின்ற முன் வீல் இரண்டுக்கும் எந்தத் தடுப்பும் இல்லை. எலுமிச்சம்பழம் வைக்காததை நினைத்து அக்கா அழுகிறார். டயருக்கு வைத்திருக்க வேண்டியது இரண்டு கட்டை. கழற்றிய வீலைச் சுவரோரம் அழகுக்கு வைக்காமல் காருக்கு அடியில் படுக்கப்போட்டிருந்தால், கார் அதன்மேல் விழுந்திருக்கும். மச்சான் திட்டிக்கொண்டே வெளியே வந்திருப்பார்.

இதைப் படிக்கிற நீங்களும் வீட்டில் ஸ்பேனர் வைத்திருப்பீர்கள். சரிவில் காரைத் தூக்காதீர்கள். தரையில் நிற்கிற டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், கியரைப் போடுங்கள். ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்ட் விற்கிறார்கள், வாங்குங்கள். கல்லை நம்பாதீர்கள். படுப்பதற்கு முன்னால் காரை நன்றாக ஆட்டிப் பாருங்கள், விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வையுங்கள். இது எதுவும் தெரியாவிட்டால் வெர்க்‌ஷாப்பில் கொடுங்கள். மானம் ஒன்றும் போய்விடாது.

என் எதிர்வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொல்லத் தெரியாமல்தான் போன ஞாயிறு திரும்பி வந்தேன். புதன்கிழமை ஜெராமுக்குப் போனேன். அக்கா இப்போது மகள் வீட்டில் அங்கே இருக்கிறார். துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரு என்றார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப பூச போட்டிருந்தா?" என்று கேட்டார்.

"போட்டிருந்தாலும் விழுந்திருக்கும்க்கா."

மடித்து வைத்த சட்டையை எடுத்து, உதறி, மறுபடி மடித்தார். "எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"கருமாதி முடிஞ்ச மறுவாரம்."

அக்கா சத்தம் போடவில்லை. "ஆறு வருஷமா வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம முனியாண்டிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டிருக்கேன். நீதான்டா கூட்டிட்டுப் போவ. நான் உள்ள அழுவேன், நீ வெளிய கார்ல உக்காந்திருப்ப."

"ஆமாக்கா."

"போடா" என்றார். வந்துவிட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஐந்தரை மணிக்கு அக்கா போன் செய்து, "கிளம்பிட்டியாடா?" என்பார். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. நான் குளித்து, சட்டை மாற்றி, காரைக் கேட்டுக்கு வெளியே எடுத்து வைத்துக் காத்திருந்தேன். ஏழு மணிக்குக் காரைத் திரும்ப உள்ளே விட்டேன்.