வாயைத் திறக்காத கணக்கு டீச்சர்

ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சருக்கு வைத்த பெயர் ஊமை டீச்சர். காது படவே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவரும் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

வகுப்பில் கேள்வியைக் கேட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பார். யாரும் கை தூக்கக் கூடாது, கத்தக் கூடாது. எல்லாரும் சிலேட்டில் விடையை எழுதி முடிக்கும்வரை டீச்சர் வாயே திறக்க மாட்டார். சின்ன வயதில் அவர் யோசிக்கத் தொடங்கும்போதே முன்பெஞ்சுக்காரி பதிலைச் சொல்லிவிடுவாள். மக்கு என்ற பட்டம் மட்டும் இவருக்கு மிஞ்சியது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வராந்தாவில் போகிற தலைமை ஆசிரியருக்கோ அமைதியான வகுப்பு என்றாலே டீச்சர் தூங்குகிறார் என்று அர்த்தம். "இன்னைக்கு வந்து பார்ப்பேன். இப்படியே இருந்தா வகுப்பை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீங்க லைப்ரரில புத்தகம் அடுக்குங்க" என்று சொல்லிவிட்டார். வகுப்பு போனால் அவருக்கு வேறென்ன இருக்கிறது?

ஆனாலும் வழக்கம்போலத்தான் கேட்டார். "ஒரே ரொட்டி. மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?"

ஜன்னலோரம் போனார். பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியர் நெளிந்தார், கனைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"மூணுல ஒரு பங்குதான்! இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?"

சட்டென்று எல்லாக் கைகளும் சிலேட்டை அழிக்கக் கிளம்பின.

"யாரும் அழிக்காதீங்க!" டீச்சரின் குரல் உயர்ந்தது. "சார், உங்களுக்குத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமான்னுதான் நான் பார்த்துட்டு இருந்தேன். எல்லாரும் சிலேட்டைத் திருப்பிக் காட்டுங்க."

பாதிப் பேருக்குமேல் நாலுல ஒரு பங்கு என்று எழுதியிருந்தார்கள். எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பெண்ணும்தான். "நாலு பெருசுதானே சார்?" என்று அவள் தலைமை ஆசிரியரையே கேட்டாள்.

டீச்சர் ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார். ஒன்றை மூன்றாகவும் மற்றதை நாலாகவும் கிழித்து, துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, தப்பாக எழுதியவர்களும் சரியாக எழுதியவர்களும் சண்டை போட்டார்கள். வகுப்பு சந்தைக்கடை ஆனது. முதல் மார்க் பெண் தன் சிலேட்டைத் தானே அழித்தாள்.

மணி அடித்ததும் தலைமை ஆசிரியர் டீச்சரை வராந்தாவில் நிறுத்தினார். "வகுப்பு வேணும்னா இந்த ஊமை விளையாட்டை நிறுத்துவீங்களா?"

"மாட்டேன்."

இந்தக் கேள்விக்கு மட்டும் யோசிக்க அவருக்கு நேரமே தேவைப்படவில்லை. சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குக் காத்திருப்பதைப் போலவே காத்திருந்தார்.

தலைமை ஆசிரியர் வகுப்பை எட்டிப் பார்த்தார். உள்ளே சண்டை இன்னும் ஓயவில்லை. மூக்கைச் சொறிந்தார்.

"நாளைக்கு நானும் சிலேட்டு கொண்டு வரணுமா?"

"கொண்டு வாங்க சார். வாயை மட்டும் ஆபீஸ்லயே வச்சிட்டு வாங்க."