கல்யாண மண்டபத்தில் இரண்டு மேசைகள்

பிள்ளைப்பாக்கத்தில் நான் குடியிருந்த லைன் வீட்டில் ஆறு அறைகள், ஒரே கரண்ட் மீட்டர். அறைக்கு ஒரு குட்டி மீட்டரை ஓனரே மாட்டியிருந்தார். யூனிட் விலையும் அவர் சொல்வதுதான்.

பக்கத்து அறை அக்காவுக்கும் எனக்கும் ஒரே கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. அவர் சமையல் கரண்ட் அடுப்பில். ஏன் கேஸ் இல்லை என்று ஒருநாள் என் நோட்டில் வரிசையாக எழுதினேன். ஓனர் வாடகைப் பத்திரம் தருவதில்லை. பத்திரம் இல்லாமல் முகவரிச் சான்று இல்லை. சான்று இல்லாமல் சிலிண்டர் இல்லை. அதனால் கரண்ட் பில், பில்லுக்காக ஒரு மகளிர் குழுக் கடன், அதை அடைக்க இன்னொன்று. மூன்றாவது கடனுக்கான படிவம் அவர் வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்தது. செவ்வாய்க்கிழமை குழுத் தலைவி வாங்க வருவார்.

அக்கா கேட்டார்: "கையெழுத்து போட்ரட்டா, வேணாவா? நீயே சொல்லு."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்கக்கா."

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் சேர்ந்து முகாம் நடத்தினார்கள். எதிரெதிர்க் கட்சிகள். சேர்ந்ததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. இருவர் ஆபீசும் ஒரே மண்டபத்துக்கு ஒரே நாளுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டன. எம்.எல்.ஏ. முகவரிச் சான்று தருவார். எம்.பி. இலவச கேஸ் இணைப்புக்குச் சிபாரிசு தருவார். முதலாவது இல்லாமல் இரண்டாவது செல்லாது என்பது பேனர் அடித்த பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. பேனர்கள் இரண்டும் ஒரே அளவு. கட்சிக்காரர்கள் டேப் வைத்து அளந்ததை நான் பார்த்தேன்.

மேசைகளை மட்டும் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஒன்று மேடையடியில், மற்றது பந்தி நடக்கும் கூடத்தின் வாசலில். அக்கா இரண்டு மணி நேரம் நின்று எம்.எல்.ஏ.விடம் கையெழுத்து வாங்கினார். எம்.பி. மேசையில் பின்கோடு எழுதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படித் திரும்பியவர்கள் நிறையப் பேர். எங்கள் பிளான்டில் ஒரு லைன் இப்படி ஓடினால் சூப்பர்வைசர் வெளியே தலைகாட்ட முடியாது.

மேசைகளை ஒட்டிப் போடலாமே என்று எம்.பி.யின் உதவியாளரிடம் கேட்டேன்.

"ரெண்டு கட்சிம்மா. எப்டி ஒட்டும்?"

அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. "ஏய், நீ அந்தப் பக்கம் புடி" என்றார். நான்கு பெண்கள் மேசையைத் தூக்கிவிட்டார்கள். எம்.பி. டீ டம்ளரோடு எழுந்து தன் மேசைக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்.

பிறகு ஓடியது சுத்தமான லைன். முதலில் அக்கா உட்கார்ந்து போட்டோ, பின்கோடு எல்லாம் சரிபார்ப்பார். அடுத்து எம்.எல்.ஏ., அடுத்து எம்.பி., கடைசியில் கேஸ் ஏஜென்சிக்காரர். எம்.எல்.ஏ. ஒவ்வொருவரிடமும் ஊர், உறவு எல்லாம் விசாரித்தார்.

"அண்ணே, சைக்கிள் டைம் ஜாஸ்தியா கீது. பின்னாடி ஜாம் ஆவுது பாருங்க" என்றார் அக்கா. ஒரு வேலையை முடிக்க ஆகும் நேரத்துக்கு எங்கள் பிளான்டில் அதுதான் பெயர்.

எம்.பி. சிரித்தார். "இத்த நான் சொல்லியிருந்தா உங்காளுங்க என்னைக் கண்டிச்சு போஸ்டர் ஒட்டியிருப்பாங்க."

"நீங்க மட்டும் இன்னா, கையெழுத்து போடச் சொன்னா கோலம் போட்டுகினு கீறீங்க" என்றார் எம்.எல்.ஏ.

டீ நேரத்தில், குட்டி மீட்டருக்கு ஓனர் வாங்கும் யூனிட் விலையை அக்கா சொன்னார். இருவருமே நம்பவில்லை. பக்கத்தில் நின்ற கட்சிக்காரர் ஒருவர் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார்; அவருக்கும் லைன் வீடுகள் உண்டு. அங்கேயே மின்வாரியத்துக்கு ஒரு கடிதத்தை இருவரும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். யார் பெயர் முதலில் என்ற தகராறு வருவதற்குள் இரண்டையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டேன். நகல் என்னிடம் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

வரிசை தீர்ந்தது. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா மடியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். தரையில் ஒரு தாள் விழுந்தது, அவருடைய தாள். பின்கோடு அப்போதும் காலி. ஊரார் தாளையெல்லாம் பார்த்தவர் தன்னுடையதை லைனில் விடவே இல்லை.

"ஐயோ, வூட்ல அந்தக் கடன் படிவம் கீதே" என்றார்.

ஓடினோம். எம்.பி. காரில் ஏறியிருந்தார். எம்.எல்.ஏ. தன் காரைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா பின்கோடை எழுதித் தாளை நீட்ட, எம்.எல்.ஏ. எம்.பி.யின் கார் பானட்டிலேயே வைத்து, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து போட்டார். கண்ணாடியை இறக்கிய எம்.பி., "சீக்கிரம், சைக்கிள் டைம்" என்றபடி தாளை வாங்கினார். ஏஜென்சிக்காரரை பைக்கில் இருந்து நான் இறக்கினேன்.

செவ்வாய்க்கிழமை குழுத் தலைவி வந்தார். சிலிண்டர் வந்திருக்கவில்லை, ரசீது மட்டும்தான். அக்கா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து படிவத்தை எடுத்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார், கையெழுத்தில்லாமலே நீட்டினார்.

"சிலிண்டர் வர்லன்னா?" என்றார் குழுத் தலைவி.

"நேரா போய் கேப்பேன். இப்ப எம்.எல்.ஏ., எம்.பி. ரெண்டு பேர் ஆபீசும் தெரியும்."