தலைவி என்றால் லீடரா?

தமிழ் டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஏன் இருக்காது? யாராவது லீவு போட்டால் அந்த வகுப்புக்கு ஆள் போடுவது அவள். பிள்ளையை அடித்துவிட்டார்கள் என்று வாசலில் வந்து கத்துகிற அப்பாவைச் சமாதானம் செய்து அனுப்புவது அவள். தண்ணீர்க் குழாய் உடைந்தால் பிளம்பரைத் தேடுவதும் அவள்தான். தலைமையாசிரியர் நாற்காலி காலியாகி மாதக்கணக்கில் ஆகிறது. வேலை மட்டும் காலியாகவில்லை, மொத்தமும் இவள் தலையில்.

அதனால், ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரியும் உயிர்த்தோழியுமான கணக்கு டீச்சர் வந்து, "சனிக்கிழமை தலைமைப் பயிலரங்குக்கு நீ கண்டிப்பா வரணும்டி, நீ இல்லாம நடக்காது" என்றபோது இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கு ஒரே ஓர் இடம். போய் வந்தவரைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைப்பார்கள் என்பது ஊரறிந்த சேதி. ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கணக்கு டீச்சரிடம் இருந்தது. "பார்த்தீங்களா என் ஃபிரண்டை!" என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

"அப்போ இனிமே வீட்லயும் மணி அடிச்சுத்தான் எழுப்புவியா?" என்றார் அவர்.

சனிக்கிழமை மண்டபத்துக்குள் நுழைந்தால், முன்வரிசையில் பள்ளியின் பெயர் அட்டைக்குப் பின்னால் கணக்கு டீச்சரே உட்கார்ந்திருந்தாள். தேர்ந்தெடுக்கச் சொன்னால் தன் பெயரையே எழுதிக் கொடுத்திருக்கிறாள் மகராசி!

"வாடி வா! ஒரே ஒரு பாட்டுக்கு விளக்கம் சொல்லணும். உன்னை மாதிரி யாருக்கு வரும்? முடிச்சதும் நீ கிளம்பிடலாம்."

கிளம்பிடலாமாம்! என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள்?

மேடையில் பயிற்சியாளர் ஒரு சங்ககாலக் காதல் பாட்டைத் திரையில் போட்டார். "பாருங்க, தலைவி தூங்கலை, சாப்பிடலை, வளையல் கழண்டு விழுற அளவுக்கு இளைச்சுட்டா. லீடர்னா அந்தக் காலத்துலயே எப்படி உழைச்சிருக்காங்க!" மண்டபம் கைதட்டியது. கணக்கு டீச்சரும் தட்டினாள்.

தமிழ் டீச்சர் மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"ஐயா, இந்தத் தலைவி லீடர் இல்லை, காதலிச்சவ. தலைவன் வரலையேன்னு ஏங்கி இளைச்சிருக்கா, அவ்வளவுதான். பாட்டு முழுக்க அவ வாயே திறக்கலை. அவனை வழிமறிச்சு நறுக்குன்னு நாலு கேள்வி கேட்கிறது யாரு? வீட்டுல சமாளிக்கிறது யாரு? தோழி. கடைசியில அந்தத் தோழிக்கு என்ன கிடைச்சுதுன்னு தேடிப் பாருங்க, ஒண்ணும் இருக்காது. எனக்கும் அதே கதைதான்."

"போதும்டி, உக்காரு" என்று பல்லைக் கடித்தாள் கணக்கு டீச்சர்.

"எங்கே உக்காரட்டும்? நீயே சொல்லு." மைக்கிலேயே கேட்டுவிட்டாள்.

கணக்கு டீச்சர் பெயர் அட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். தமிழ் டீச்சர் இறங்கி, சுவரோரம் கிடந்த நாற்காலி ஒன்றைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தாள்.

"தள்ளிக்கோ."

"ஒருத்தருக்குத்தான்டி இடம்."

"தெரியும். அதான் தள்ளிக்கோங்கிறேன்."

கணக்கு டீச்சர் தள்ளிக்கொண்டாள்.