சீர்த்தட்டில் ஒரு ப்ராசசர்

கம்ப்யூட்டருக்குப் பாகம் பொறுக்குவது எப்படி என்று வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். உங்கள் பட்ஜெட் என்ன? அவர்களில் ஒருவருக்குக்கூட என் பட்ஜெட் புரிந்திருக்காது. என் பட்ஜெட் என் தாய்மாமன்.

அப்போது திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு பெருமுக்கல் பக்கத்துக் கிராமம். கடைசி வருஷத்தில் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். எங்கள் வகுப்பில் யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் இருந்தது. சொந்தமாக நல்ல சிஸ்டம் வைத்திருப்பவன் தலைவன், இல்லாதவர்கள் அவனுடைய குழுவில் சேர வேண்டும், குழுவில் பெண் இருந்தால் ரிப்போர்ட் டைப் பண்ணுவது அவள் வேலை. இரண்டாம் வருஷம் அப்படி ஒரு ரிப்போர்ட் டைப் பண்ணித் தொலைத்தேன். அவன் எழுதிய புரோகிராமில் இருந்த தப்பைத் திருத்தியதும் நான்தான். மேடையில் ஏறிப் பேசியது அவன்.

இந்த முறை எனக்கென்று ஒரு யோசனை இருந்தது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றனவே, அவற்றைச் சுற்றிச் சுற்றிப் போனில் படம் எடுத்து, அந்தப் படங்களைத் தைத்து, திரையில் திருப்பிப் பார்க்கிற மாதிரி ஒரு முப்பரிமாண உருவம் செய்வது. அங்கே இருக்கிற கோயிலுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் கல்மரத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு அதில் கோபம். இதை லேப் கம்ப்யூட்டரில் போட்டால் பத்துப் படத்திலேயே மூச்சு நின்றுவிடும். எனக்கென்று ஒரு மெஷின் வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் ரிப்போர்ட்.

அதே சமயத்தில் வீட்டில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் வயதுக்கு வந்த வருஷம் அப்பா இறந்துவிட்டதால் மஞ்சள் நீராட்டு விழா நடக்கவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளித் தள்ளி, இருபது வயதுக் கழுதையாக நான் வளர்ந்த பிறகு அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அதைச் செய்தே ஆக வேண்டுமாம். என் உடம்பில் என்றோ நடந்த ஒன்றை ரோட்டோரம் பேனர் கட்டி லாரிக்காரனுக்கெல்லாம் அறிவிக்க வேண்டுமா என்று கேட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நடவுக்குப் போகிற இடத்தில் எல்லோரும் கேட்கிறார்களாம்.

அம்மாவைவிடத் தவித்தது மாமாதான். அம்மாவுக்குத் தம்பி. கெடார் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்தார். அக்கா மகளுக்குச் சீர் செய்யாத மாமன் என்ற பேச்சு அவரை உள்ளுக்குள் அரித்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் நேராகவே கேட்டார்.

“இன்னா பாப்பா, செயின் வேணுமா, கம்மல் வேணுமா? உங்கப்பன் இல்லன்னு நானும் இல்லாம பூட்டனா?”

“கம்ப்யூட்டர் வேணும் மாமா. முழுசா இல்ல. பார்ட் பார்ட்டா. எதுன்னு நான் சொல்லுவேன்.”

“அத எப்படிச் சீர்னு வெக்கிறது?”

“தட்டுல வெச்சுத்தான். ஆனா பந்தல் கிடையாது, பேனர் கிடையாது, நலங்கு கிடையாது. நான் உக்கார மாட்டேன். இதுக்கு ஒத்துக்கினா வாங்கிக்கிறேன், இல்லன்னா கல்யாணத்துக்கும் உங்க சீர் எனக்கு வேணாம்.”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள். சரி என்றார்கள். அவ்வளவு சுலபமாகச் சரி என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விழுப்புரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கடை. கடைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாவிடமே பேசினார். “பொண்ணு படிக்கிறதுக்குத்தானண்ணே? ஃபுல் செட்டு ரெடியா இருக்கு, எடுத்துக்கினு போய் ப்ளக்க சொருவுனா முடிஞ்சிது.” கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குகள் சுற்றிச் சுற்றி எரிந்தன. மாமாவின் முகமும் அதே நிறங்களில் மாறிக்கொண்டிருந்தது.

“சீருன்னா இப்படிப் பளபளன்னு இருக்கணும் பாப்பா.”

“லைட்டுக்குக் குடுக்கிற காசுல நான் மெமரி வாங்குவேன் மாமா.”

நான் காட்டிய கேபினட் பெட்டியைப் பார்த்து மாமா, “மண்ணெண்ணெய் டின்னு கணக்கா இருக்கு” என்றார். இருக்கட்டும். காற்று உள்ளே போய் வெளியே வந்தால் போதும். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் யாரோ வைத்திருந்து விற்றவை, முந்தைய மாடல். புதுசு எடுத்தால் அதற்கேற்ற மதர்போர்டும் விலை ஏறிவிடும். மானிட்டரே வேண்டாம், வீட்டில் டிவி இருக்கிறது. கரண்டைச் சீராக்கித் தருகிற எஸ்எம்பிஎஸ் பெட்டியில் மட்டும் நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை. கடைக்காரர் கேபினட்டோடு இலவசமாக ஒன்று தருகிறேன் என்றார். எங்கள் தெரு லைனின் கடைசி. கழனியில் மோட்டார் போட்டால் வீட்டில் டியூப்லைட் கண்ணைச் சிமிட்டும். எனக்குத் தெரிந்த கரண்டு இது. இலவசத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றேன். அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

மெமரியில் தகராறு வந்தது. நான் எட்டு ஜிபியில் இரண்டு கேட்டேன். இரண்டாகப் போட்டால் வேகம். அவரிடம் பதினாறில் ஒன்றுதான் கைவசம் இருந்தது. “எல்லாம் ஒண்ணுதாம்மா, வித்தியாசமே தெரியாது” என்று தள்ளிவிடப் பார்த்தார். நான் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்க, மாமா மேசைமேல் இருந்ததையெல்லாம் விரல்விட்டு எண்ணினார்.

“எட்டுதான வருது? ரெட்டப்படையில சீர் வெக்கக் கூடாது. அந்த மெமரிய ரெண்டா குடுங்க, ஒம்போது தட்டாயிடும்.”

இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு காரணத்தைக் கடைக்காரர் கேட்டிருக்க மாட்டார். பையனை எங்கோ அனுப்பி எட்டில் இரண்டு வாங்கிவரச் சொன்னார். ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தாலும் ஒன்பது தட்டு ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பேனா?

பாகங்களை மாமா கெடாருக்கு எடுத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டில் கொண்டுவந்து வைப்பதாகப் பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம் காலேஜில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கினேன். எங்கள் ஊர் முனையில் சவுக்குக் கம்பு நட்டு ஒரு பேனர் நின்றது. நடுவில் நான். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் போட்டோவை வெட்டி, வேறு யாருடைய உடம்பிலோ, வேறு யாருடைய பட்டுப்புடவையிலோ ஒட்டியிருந்தார்கள். சுற்றிலும் ரோஜாப்பூ. மஞ்சள் நீராட்டு விழா, அனைவரும் வருக.

அப்படியே எரிந்தது எனக்கு. டீக்கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று பையைக் கீழே வைத்துவிட்டு, கம்பில் கட்டியிருந்த கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். மேல் முடிச்சு எட்டவில்லை. டீக்கடை பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினேன். “யம்மா, நல்ல காரியம், அவுக்கக் கூடாதும்மா” என்று ஒருவர் சொன்னார். “என் மூஞ்சிண்ணா, நான் அவுக்கிறேன்” என்றேன். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். வீட்டு வாசலில் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது.

அம்மா அழுதாள். நான் அழவில்லை. “சொன்னா நீ ஒத்துக்க மாட்டன்னுதான் சொல்லல” என்றாள். இதை ஒரு நியாயம் என்று எப்படித்தான் சொல்கிறார்களோ! விடியும்வரை யோசித்தேன். ஓடிப்போய்த் தோழி வீட்டில் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் போனால் மெஷின் போய்விடும். மாமா தட்டோடு திரும்பிவிடுவார். உட்கார்ந்தால் மெஷின் வரும், நான் போய்விடுவேன். இரண்டும் முடியாது என்று முடிவு பண்ணினேன்.

காலையில் மேளம் முன்னால் வர, மாமா பட்டுக்கரை வேட்டியில் வந்தார். பின்னால் ஒன்பது பெண்கள் ஒன்பது தட்டு. சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்து, இது இன்னா, அது இன்னா என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். மண்ணெண்ணெய் டின்னுக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. பந்தலுக்குள் அலங்கார நாற்காலி. பக்கத்தில் மஞ்சள் தண்ணீர்க் குடம்.

நான் பழைய சுடிதாரில் வெளியே வந்தேன். நாற்காலிக்கு முன்னால் அந்த பேனரை முகம் கீழே போகும்படி விரித்து, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

“தட்டெல்லாம் இங்க வைங்க.”

பெண்கள் மாமாவைப் பார்த்தார்கள். மாமா மேளக்காரரைப் பார்த்தார். மேளம் தானாக நின்றது. தட்டுகள் ஒவ்வொன்றாக என் முன்னால் இறங்கின.

அப்போதுதான் பார்த்தேன். சீரை மூடி வைக்கக் கூடாதாம், ஊர் பார்க்க வேண்டுமாம். ஒன்றுவிடாமல் உறையைப் பிரித்து, ஒன்றுவிடாமல் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார் மாமா. மதர்போர்டில் ஓர் ஓரமாக இருந்ததைத் துடைத்துவிடலாம். ப்ராசசரைத்தான் பார்க்க முடியவில்லை. அடிப்பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்து, முடி மாதிரி மெல்லிசாக நிற்கிற அத்தனை கம்பிகளுக்கும் நடுவே கட்டைவிரலால் ஒரு பெரிய சந்தனப் பொட்டு. காய்ந்து இறுகிக் கிடந்தது.

“மாமா, இங்கயா வெப்பீங்க!”

“தங்கமாட்டம் மின்னுச்சு பாப்பா. அதான் மூஞ்சின்னு நெனச்சேன்.”

கெட்டுப்போச்சா என்று ஒருவர் கேட்டார். போச்சு என்று இன்னொருவர் பதில் சொன்னார். பெரியம்மா முறையில் ஒருத்தி குரலை உயர்த்தினாள். “சடங்க மதிக்காம குந்திக்கினா இப்படித்தான் ஆவும். எழுந்து வந்து நாற்காலில உக்காரு, ஒரு நலங்கு வெச்சா எல்லாம் சரியாப்பூடும்.” அம்மா நலங்குத் தட்டோடு என் அருகில் வந்து நின்றாள். கேட்கவில்லை, கெஞ்சினாள். ஒரு நிமிஷம் எழுந்துவிடலாமா என்று இருந்தது. எழவில்லை.

பழைய ப்ராசசரைத் துடைக்கவென்று ஒரு சின்ன பாட்டில் ஸ்பிரிட் வாங்கி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பல் பிரஷ்ஷை வாங்கி, ஸ்பிரிட்டில் நனைத்து, வரிசை வரிசையாகத் தேய்த்தேன். சந்தனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்தது. ஓரத்தில் ஒரு கம்பி வளைந்திருந்தது. ஊக்கு இருக்கா என்று பொதுவாகக் கேட்டேன். யாரும் அசையவில்லை. பிறகு, என்னைத் திட்டிய அந்தப் பெரியம்மாவே தன் புடவைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். “பாத்து நிமித்து, ஒடச்சிப்பூடாத” என்று அதட்டவும் செய்தாள்.

கம்பியை நிமிர்த்தினேன். மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டிமேல் வைத்து ப்ராசசரை இறக்கினேன். அழுத்தாமல் தானாக உட்கார்ந்தது. ஃபேன், மெமரி இரண்டு, ஃபைல்களைச் சேமிக்கிற எஸ்எஸ்டி, கார்டு. எல்லாவற்றையும் கேபினட்டில் பொருத்தினேன். மல்லிகைச் சரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். வீட்டு டிவியை ஜன்னலோரம் வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்து, ஒயரை வெளியே இழுத்துச் சொருகினேன். சவுண்டு செட்காரரிடம், “கரண்டு இழுக்கும், பாட்ட நிறுத்துங்கண்ணா” என்றேன். பந்திக்கு உட்கார்ந்தவர்கள்கூட இலையை விட்டு வந்திருந்தார்கள்.

சுவிட்சை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. டிவி கறுப்பாகவே இருந்தது. பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கறுப்பு. இன்னும் கறுப்பு. பிறகு வெள்ளை எழுத்துகள் வந்தன. ப்ராசசர் பெயர். அதன் கீழே மெமரி, இரண்டும் தனித்தனியாக. சத்தியமாக அந்த நொடியில் எனக்கு இருந்த திமிர் இந்தத் தாலுகாவுக்கே போதும்.

“படம் வராதா?” என்றார் ஒருவர் ஏமாற்றமாக. மாமாவின் பங்காளி ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே மாமாவைச் சீண்டினார். “சீரெல்லாம் கொண்டாந்த, சரி. பொண்ண உக்கார வெச்சுப் பாக்க முடியலயே!”

மாமா அவர் பக்கம் திரும்பினார். “இத்தினி நேரம் யாரடா பாத்துக்கினு இருந்த?” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக பேனரை மன்னித்துவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இன்றுவரை மன்னிக்கவில்லை, அவரிடமே சொல்லியும் இருக்கிறேன். அம்மா குடத்திலிருந்த மஞ்சள் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு, பந்தியில் சாம்பார் ஊற்றப் போய்விட்டாள்.

மறுநாள் வகுப்பில் சார் ப்ராஜெக்ட் குழுக்களை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாம் வருஷத்துத் தலைவன் தன் குழுவில் என் பெயரையும் சேர்த்துச் சொன்னான். நான் எழுந்து, தனியாகப் பண்ணுகிறேன் என்றேன்.

“தனியாவா? சிஸ்டம் வேணுமேம்மா. யாரோட சிஸ்டம்?”

“என்னோடது சார்.”