பீலித் தொட்டியில் கிடந்த துவக்கு

மண்ணெண்ணெயில் ஊறிய துருவுக்கு ஒரு வாசம் உண்டு. நாக்கின் அடியில் போய்ப் புளிக்கிற அந்த வாசம், பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் குடியிருந்த "குவாட்டஸ்" வீட்டின் பின் தாழ்வாரத்தில், தொழிற்சாலைத் தேயிலை மணத்தையும் அமுக்கிக்கொண்டு, ஒரு பள்ளி விடுமுறை முழுவதும் நின்றது. அப்பா அந்தத் தொழிற்சாலையின் "பிட்டர்". தேயிலை அரைக்கும் இயந்திரத்திலிருந்து மனேஜர் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வரை, எது பழுதானாலும் அவரைத்தான் தேடி வருவார்கள்.

அந்த முறை தேடி வந்தது ஒரு துவக்கு. மனேஜர் பங்களாவின் கூரை மரங்களை மாற்றியபோது, உட்கூரைப் பலகைக்கு மேலே சாக்கில் சுற்றிக் கிடந்ததாம். எங்கள் மனேஜர் இளம் சிங்களவர். எல்லாரும் "தொர" என்று கூப்பிட்டாலும், தாழ்வாரத்துக் கட்டையில் உட்கார்ந்து அம்மா தரும் பிளேன்டீயைக் குடிக்கக் கூச்சப்படாதவர். பொலிசுக்குச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, அவரே ஜீப்பில் கொண்டுவந்தார்.

"பிட்டர், இத பங்களா சுவர்ல மாட்டப் போறேன். துரு போகணும், குதிரை அசையணும். யார் செஞ்சது, எந்த ஊருன்னும் பார்த்துச் சொல்ல ஏலுமா?" என்றார்.

சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. துவக்கு என்ற சொல்லையே தமிழ் வீடுகளில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அம்மா அப்பாவைப் பார்த்து, "அது வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாதுங்க. பச்சப்புள்ள இருக்கிற வீடு," என்று மட்டும் சொன்னார். தம்பி அப்போது கைக்குழந்தை. அதனால் துவக்கு தாழ்வாரத்து மேசையிலேயே தங்கியது. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

தோட்டா போட்டுச் சுடுகிற துவக்கு அல்ல அது. குழலின் வாய் வழியே வெடிமருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய ஈயக்குண்டைக் கோலால் இடித்து இறக்கி, பின்புறக் குமிழில் சின்னத் தொப்பி மாதிரியான "கேப்" ஒன்றைச் செருகி, அதன்மேல் குதிரை என்கிற சுத்தியல் விழுந்து அடிக்கச் சுடுகிற பழைய வகை. காட்டுப்பன்றி விரட்டுகிறவர்களிடம் இந்த வகையை அப்பா பார்த்திருக்கிறார். ஆனால் நான் டோர்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தபோது, உள்சுவரில் கோடுகள் கயிற்று முறுக்குப் போலச் சுழன்று உள்ளே போயின. சொன்னதும் அப்பா வந்து ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தார்.

"புரி வெட்டியிருக்கு. இது ரைபிள். ஊர்ப் பட்டறையில இத வெட்டியிருக்க மாட்டாங்க," என்றார்.

அப்படியானால் வெள்ளைக்காரன் நாட்டுச் சாமான் என்று நாங்கள் முடிவு கட்டினோம். மறுநாள் மனேஜர் வந்து பார்த்துவிட்டு, குதிரை இடது பக்கம் இருப்பதைக் காட்டி, கண்டி ராஜா காலத்துத் துவக்குகளில்தான் அப்படி இருக்கும் என்றார். ராஜா காலத்தில் கேப் ஏது என்று அப்பா கேட்டார். செய்தவன் பெயர் இருக்குமென்று குதிரையை ஒட்டிய தகட்டை நான் சாம்பலும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்தேன். பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அரம் ஓடிய கீறல்கள்தான் தெரிந்தன. பக்கத்தில் வரவே மாட்டேன் என்றிருந்த அம்மா, ஒருநாள் கூட்ட வந்தவர், துவக்கின் கட்டையிலிருந்து அப்பா சுரண்டிப் போட்ட மரத்தூளைக் குனிந்து எடுத்து விரலில் தேய்த்தார்.

"இது பலா. எங்க மாமன் செஞ்சு குடுத்த அலுமாரிய இழைக்கும்போதும் இதே மஞ்சத்தூள்தான் விழுந்துச்சு."

சீமைக் குழல், நாட்டுப் பலா, ராஜா காலத்து வழக்கம், அதற்குப் பிந்திய கேப். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுத்தது. எனக்குத் தூக்கத்திலும் அந்த நினைப்புத்தான்.

குதிரை ஒருவாறு அசைந்தது. கேப் வைக்கும் குமிழ் மட்டும் துருவில் இறுகிப்போய்ச் சாவிக்கு மசியவில்லை. சூடு காட்டினால் இளகும் என்று அப்பா தொழிற்சாலையிலிருந்து நெருப்பு ஊதும் விளக்கைக் கொண்டுவந்து, துவக்கை மேசைப் பிடியில் இறுக்கிவிட்டு, விளக்குக்குக் காற்று அடிக்கத் தொடங்கினார். அந்த நேரத்தில் எனக்கு வேறொரு யோசனை. உள்ளே அந்தப் புரி எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் ஓட்டையின் நீளம் தெரிய வேண்டும். போஞ்சிப் பாத்தியில் கிடந்த மெல்லிய கம்பொன்றைக் குழலுக்குள் முட்டும்வரை விட்டு, வாயருகே நகத்தால் அடையாளம் வைத்து எடுத்து, குழலுக்கு வெளியே வைத்துப் பார்த்தேன். கம்பு குமிழ் வரைக்கும் போகவில்லை. நாலு விரல் அகலம் குறைந்தது.

"அப்பா, ஓட்ட முழுசா இல்ல," என்றேன்.

"குளவி கூடு கட்டியிருக்கும். தள்ளி நில்லு." விளக்கு சீறி, நீலச் சுடர் வந்துவிட்டது.

"கூடுன்னா கம்பு குத்தியிருக்குமே. கெட்டியா முட்டுதுப்பா."

அப்பா சுடரைத் துவக்குக்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். பிறகு விளக்கை அணைத்துத் தூர வைத்துவிட்டு, ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக் குழலுக்குள் மெதுவாக இறக்கினார். இரும்பில் இரும்பு பட்ட சத்தம் வரவில்லை. ஈரமண்ணில் குத்தியது போல் மந்தமாக ஒரு சத்தம். அவர் துவக்கின் வாய் பார்த்திருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பலகைச் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் தம்பியின் தொட்டில்.

"அம்மாவக் கூப்புடு. தம்பியத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் ரோட்டுக்குப் போங்க," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

துவக்கின் வாயை மலைப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி அவர் "பீலி"க்குப் போனார். மலைநீர் விழுந்து எல்லாரும் குளிக்கிற இடம் அது. உள்ளே கிடக்கும் மருந்து நனையக் குழல் நிறையத் தண்ணீர் விட்டு, அங்கிருந்த சிமெந்துத் தொட்டியில் துவக்கை அமிழ்த்தி, குளிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, இருட்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா அன்று தம்பியை மடியைவிட்டு இறக்கவேயில்லை.

சில நாள் ஊறிய பிறகு, நுனியில் திருகாணி பொருத்திய கம்பியால் அப்பா அதை வெளியே இழுத்தார். முதலில் ஈயக்குண்டு, அதைச் சுற்றி ஒரு துணி, பின்னால் அழுகிய முட்டை நாற்றத்தோடு கரிக்குழம்பு. துணியை அலசியபோது நீலமும் வெள்ளையுமாகக் கட்டங்கள் தெரிந்தன. யாரோ உடுத்திய சாரத்தில் கிழித்தது. அதன்மேல் குழலின் புரிகள் சாய்வாகப் பதிந்திருந்தன. மனேஜர் வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, "நான் கொண்டாந்தது தப்பு, பிட்டர்," என்றார். அப்பா குமிழைக் கழற்றி, அந்தத் துளையை இரும்பால் நிரந்தரமாக அடைத்துவிட்டுத்தான் துவக்கைத் திருப்பிக் கொடுத்தார். செய்தவன் பெயரைக் கேட்டதற்கு, "ஒரு ஆள் செஞ்சதில்ல தொர. யாரோ செஞ்ச குழலுக்கு இன்னொருத்தன் கட்டை போட்டிருக்கான். அவ்வளவுதான் தெரியுது," என்றார்.

இப்போது அந்தத் தொழிற்சாலை ஓடுவதில்லை. இயந்திரங்களைக் கழற்றி விற்றுவிட்டார்கள். எங்கள் குவாட்டஸ் இருந்த இடத்தில் மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது. தோட்டம் கைமாறியபோது பங்களாச் சாமான்கள் ஏலம் போயின. துவக்கை யார் எடுத்தார்கள் என்று கேட்டால் சொல்ல அங்கே ஆளில்லை. நாங்கள் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து வருடங்கள் ஆகின்றன. அப்பாவுக்குக் காது மந்தம்.

போன மாதம், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கையில், அதைச் செய்தவன் யாராக இருக்குமென்று நினைக்கிறீர்கள் என்று அவரிடம் சத்தமாகக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை; அந்தக் கேள்வியைப் பல காலமாக வைத்திருந்தவர் போலச் சொன்னார்.

"செஞ்சவன விடு புள்ள. மருந்து போட்டு, குண்டையும் இறக்கிட்டு, சுடாமலே சாக்குல சுத்தி மேல வெச்சான் பாரு, அவன் யாருன்னுதான் எனக்குத் தெரியணும்."